தேக்கா சந்தை வாசலில் ஒரு மஞ்சள் குறி



சில காலத்திற்கு முன், பள்ளி விடுமுறையின்போது, என் சிற்றப்பா மகன் தன் குடும்பத்துடனும் தாயாருடனும் தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி தன் திறன்பேசியை என்னிடம் நீட்டி, "அக்கா, இந்தப் படத்துல கல்யாணம் நடக்குற தேவாலயம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தின் காட்சியிடங்களை வரிசைப்படுத்திக் காட்டும் பக்கம் ஒன்றை அவன் திறந்து வைத்திருந்தான். "அது சைம்ஸ். பேருந்தில் சிறிது நேரந்தான்" என்றேன்.

அதுவரை பேசாதிருந்த சித்தி மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, 'நினைத்தாலே இனிக்கும்' எடுத்த இடமெல்லாம் எங்கே இருக்கு? அதைக் காட்ட மாட்டியா?"

என்னிடம் விடை இல்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே படித்து, ஆசிரியர் பயிற்சியும் இங்கேயே பெற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். கே. பாலசந்தர் இயக்கத்தில், சுஜாதாவின் கதையில், கமலும் ரஜினியும் நடித்து 1979இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி எங்கள் ஊரில் எடுக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால், ஒரே ஒரு தெருமுனையைக் காட்டி, "சித்தி, இங்கேதான்" என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்திலிருந்து தொடங்கியதுதான் இப்பதிவில் நான் சொல்லப்போகும் வகுப்பறைப் பணி.

திரையில் வந்த ஊர்

தமிழகத்தில் ஒரு தலைமுறையினர் சிங்கப்பூரை முதன்முதலில் கண்டது திரையரங்கில்தான். 1973இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்திற்காகப் படப்பிடிப்புக் குழு சென்ற நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. 1978இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'பிரியா' வந்தது. அடுத்த ஆண்டு 'நினைத்தாலே இனிக்கும்'. விமானப் பயணம் என்பது எட்டாக் கனியாக இருந்த காலம் அது. அன்று திரையில் பார்த்தவர்களுள் பலர், தம் பிள்ளைகளின் கைப்பிடித்து இன்று இங்கு வருகிறார்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். அவர்களுள் எத்தனை சித்திகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

திரைப்படத்திற்கும் சுற்றுலாவுக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள பயணத்துறையினர் நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் 2004இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுப் படக்குழுவினர் இங்கு வந்து படமெடுத்தால், தகுதிபெறும் செலவில் பாதிவரை அத்திட்டத்தின்கீழ் மானியமாகப் பெற முடிந்தது. 2006இல் வெளிவந்த 'கிரிஷ்' என்னும் இந்திப் படம் அவ்வாறு உதவிபெற்ற ஒன்று. ஆனால் படம் எடுக்க உதவுவது முதற்படிதான். எடுத்த இடத்தைப் பயணியின் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது அடுத்த படி. அந்த வேலையை இன்று திறன்பேசி செய்கிறது.

அது எவ்வாறு நடக்கிறது என்பதை என் தம்பியிடமே கண்டேன். காட்சியிடங்களின் பட்டியலைப் பார்க்கிறான். ஒரு பெயரைத் தொட்டதும் வரைபடம் திறக்கிறது. வரைபடம் வழிகாட்ட, அங்கே போய்ச் சேர்கிறான். திரையில் கண்ட அதே கோணத்தில் நின்று படம் எடுத்து, இடத்தின் பெயரோடு சமூக ஊடகத்தில் போடுகிறான். அதைப் பார்த்து ஊரிலுள்ள நண்பன் தன் பயணத்தைத் திட்டமிடுகிறான். முன்பு பயணத்துறையினர் அச்சிட்ட கையேடுகள் செய்த வேலையை, இப்போது பயணியே சம்பளமில்லாமல் செய்துவிடுகிறான்!

ஒரு குறி சொல்லாமல் விடுவது

சைம்ஸ் மண்டபத்தின்முன் தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியை என்ற முறையில் எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த இடம் பல்லாண்டுகள் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1854இல் அருட்சகோதரிகள் அங்கே மடமும் பள்ளியும் தொடங்கினார்கள். ஆதரவற்ற குழந்தைகளை அம்மடத்தின் வாசலில் விட்டுச் சென்றவர்கள் உண்டு. அக்குழந்தைகள் அங்கேயே வளர்ந்தார்கள். இன்று நாம் காணும் தேவாலயம் 1904இல் கட்டி முடிக்கப்பட்டது. 1983இல் பள்ளி வேறிடத்திற்குச் சென்றது. இவ்வளவும் நடந்த இடம், பயணியின் கைப்பேசியில் 'படத்தில் திருமணம் நடந்த இடம்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது.

படம் காட்டும் ஊரும் உண்மையான ஊரும் ஒன்றல்ல. அப்படத்தில் சிங்கப்பூரின் பெருஞ்செல்வர் குடும்பத்து மாளிகையாக வருவது உண்மையில் கோலாலம்பூரில் உள்ள கர்கோசா ஸ்ரீ நெகாரா. 2020இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரின் மூன்றாம் பருவத்திலோ நம் சிங்கப்பூரின் கட்டடங்கள் எதிர்கால லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமாக வேடமிட்டன. மேலும், 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் சீனரல்லாத சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் பின்னணியில் மட்டுமே வருகிறார்கள் என்ற குறையை அன்றே பலர் எழுதினார்கள். ஒரு படத்தை மட்டும் பின்பற்றி ஊரைச் சுற்றுபவர், அந்தப் படம் பார்த்த ஊரைத்தான் பார்ப்பார். அது பார்க்க மறந்தவர்களை அவரும் பார்க்கமாட்டார்.

அப்படியானால், தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு வரைபடத்தை நம் பிள்ளைகளே செய்தால் என்ன? தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சொன்னேன். "இந்தியாவில் இருந்து வரும் பாட்டி ஒருவர் இந்த வரைபடத்தைப் பார்த்துத் தாமாகவே சுற்ற வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள்தான் அவருக்கு வழிகாட்டி" என்றேன். வகுப்பில் ஒரு சுறுசுறுப்பு தோன்றியது. தமிழில் எழுது என்றால் 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, அன்றைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே!

செய்த முறை

ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்முறையைச் சற்று விளக்குகிறேன். கூகள் நிறுவனத்தின் 'மை மேப்ஸ்' என்னும் வசதியில், வரைபடத்தின்மேல் நமக்கென்று ஓர் அடுக்கை உருவாக்கி, வேண்டிய இடங்களில் வண்ணக் குறிகளை இடலாம். ஒவ்வொரு குறியிலும் தமிழில் குறிப்பு எழுதலாம், நிழற்படம் சேர்க்கலாம். முடிந்ததும் அதற்கு ஓர் இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பைக் கியூஆர் குறியீடாக மாற்றி அச்சிட்டால், எவரும் கைப்பேசியால் வருடித் திறந்துகொள்ளலாம். செலவு ஏதும் இல்லை.

ஒவ்வொரு குறியிலும் மூன்று செய்திகள் இருக்கவேண்டும் என்று விதி வகுத்தோம். படத்தில் இந்த இடம் என்னவாக வந்தது? அதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இன்று இங்கே யார் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டக்கூடாது என்றும் சொன்னேன். பிறர் உரிமையுள்ள படைப்பு அது. மாணவர்கள் தாமே எடுத்த நிழற்படங்களையே சேர்த்தோம். அவற்றிலும் வழிப்போக்கர் முகங்கள் தெரியாதவாறு பார்த்துக்கொண்டோம்.

எந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது என்பதை எவ்வாறு கண்டறிவது? இதற்கு முன்மாதிரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. டோ ஹுன் பிங் என்னும் ஆய்வாளர், சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட பழைய படங்களின் காட்சியிடங்களைத் தேடித் தொகுத்து வருகிறார். காட்சியை நிறுத்தி, நாயகனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னாலுள்ள கூரை, சன்னல், பெயர்ப்பலகை ஆகியவற்றைப் பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அத்தகைய தேடலின் அடிப்படை. எங்கள் மாணவர்களும் நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த சிறு பகுதிகளை அவ்வாறே பார்த்தார்கள். "ரஜினியைப் பார்க்காதே, கூரையைப் பார்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய நிழற்படங்களும், தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்திலுள்ள பழைய நாளிதழ்களும் துணைக்கு இருந்தன.

இந்தத் தேடலில் நாங்கள் எதிர்பாராமல் போய்ச் சேர்ந்த இடம் ஜாலான் அம்பாஸ். லிட்டில் இந்தியாவிலிருந்து வடக்கே பாலஸ்டியர் பகுதியில் உள்ள சிறு தெரு அது. ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடம் 1967வரை அங்குதான் இயங்கியது. மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞர் பி. ரம்லிக்கு முதன்முதலில் நாயகன் வேடம் கொடுத்த 1950ஆம் ஆண்டுப் படம் 'பக்தி'. அதை இயக்கியவர் சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன். "மலாய்ப் படத்தை நம் ஊர்க்காரரா எடுத்தார்?" என்று பிள்ளைகள் வியந்தார்கள். பாட்டிக்கு இதையும் சொல்லவேண்டும் என்று அவர்களே முடிவு செய்து, அங்கும் ஒரு குறி இட்டார்கள்.

சறுக்கிய இடங்கள்

எல்லாம் நன்றாகவே நடந்தன என்று எழுதினால் அது உண்மையாகாது.

முதல் சறுக்கல் மொழிபெயர்ப்பில். ஒரு குழுவினர் தம் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டுத் தமிழாக்கிக் கொண்டுவந்தனர். 'படப்பிடிப்பு நடந்த இடம்' என்று வரவேண்டியது, 'துப்பாக்கிச் சூடு நடந்த இடம்' என்று வந்திருந்தது! வகுப்பே சிரித்தது. ஆனால் சிரித்து முடித்தபின் ஒரு மாணவி சொன்னாள்: "டீச்சர், பாட்டி இதைப் படிச்சிருந்தா பயந்து அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாங்க." கருவி எழுதித் தந்தாலும், படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பு நம்முடையது என்பதை நான் விரிவுரை ஆற்றி விளக்கவேண்டிய தேவை அதன்பின் ஏற்படவில்லை.

இரண்டாவது சறுக்கல் என்னுடையது. 1970களில் எடுக்கப்பட்ட படங்களில் மெர்லயன் சிலை தெரிந்தால் எங்கே குறியிடுவது என்று மாணவர்கள் கேட்டார்கள். "சிலை இருக்கும் இடத்தில்தான்" என்று சொல்லிவிட்டேன். வரைபடத்தைப் பெற்றோருக்கு அனுப்பிய அன்று மாலையே ஒரு தந்தையாரிடமிருந்து செய்தி வந்தது. 1972இல் திறக்கப்பட்ட அந்தச் சிலை, ஆற்றின் முகத்துவாரத்தில் வேறிடத்தில் இருந்தது; எஸ்பிளனேட் பாலம் வந்தபின் கடலிலிருந்து பார்ப்போருக்கு அது மறைந்தது; அதனால் 2002இல் ஏறத்தாழ 120 மீட்டர் தள்ளி இப்போதைய பூங்காவிற்கு மாற்றப்பட்டது என்று அவர் பணிவுடன் எழுதியிருந்தார். சரிபார்த்தேன், அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்தச் சிலை இடம் மாறியபோது நான் இருபதுகளில் இருந்தேன். என் கண்முன் நடந்த மாற்றத்தையே நான் மறந்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில், "உங்கள் ஆசிரியை தவறு செய்தார், திருத்துவோம்" என்று சொல்லிக் குறியை நகர்த்தினோம். அத்துடன் அது முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்றை நான் ஏற்கெனவே செய்திருந்தேன்.

அப்பாவின் மீன் கதை

எங்கள் வீட்டில் ஒரு பழைய கதை உண்டு. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1978இல், என் தந்தையார் வேலை முடிந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது, சந்தை வாசலில் தமிழ்ப் படப்பிடிப்பு ஒன்று நடந்ததாம். கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு மணிநேரம் நின்று பார்த்தாராம். வீட்டிற்கு வந்தபோது மீன் கெட்டுப்போயிருந்தது. அம்மா திட்டிய திட்டு இன்றுவரை குடும்பத்தில் பேசப்படுகிறது. அம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் மீன் குழம்பு வைக்கும் நாள்களில் அப்பா இக்கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை.

இக்கதையை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் துள்ளிக் குதித்தார்கள். தேக்கா சந்தையில் உடனே ஒரு குறி இட்டார்கள். ஆனால், நாங்கள் பார்த்த படப் பகுதிகளில் சந்தை எங்கும் தென்படவில்லை. அப்பாவிடம் நாயகன் யார் என்று கேட்டேன். ஒரு நாள் ரஜினி என்றார். மறுநாள் கமல் என்றார். அவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அண்மைக்காலமாகப் பெயர்களை மாற்றிச் சொல்கிறார். பிறகு சந்தையின் வரலாற்றைத் தேடினேன். பஃபலோ சாலையும் சிராங்கூன் சாலையும் சேரும் இடத்தில் இன்று நாம் மீனும் காய்கறியும் வாங்கும் கட்டடம் 1982இல்தான் திறக்கப்பட்டது. 1978இல் அங்கே சந்தையே இல்லையே! அப்பா எதையோ எதோடோ சேர்த்துச் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். மாணவர்களிடம், "தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, சரிபார்க்க முடியாததை நாம் போடக்கூடாது" என்று சொல்லி, அந்தக் குறியை என் கையாலேயே நீக்கினேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழியையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தீர விசாரித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

மெர்லயன் திருத்தம் நடந்த அன்று, வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்தான். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை. சொற்களைத் தேடித் தேடிக் கேட்டான்: "டீச்சர், மெர்லயன் இடம் மாறிச்சு. மார்க்கெட்டும் இடம் மாறியிருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே அப்பாவிடம் அமர்ந்தேன். இம்முறை நாயகன் யார் என்று கேட்கவில்லை. "அப்பா, மீன் வாங்கிட்டு எந்தப் பக்கமா வெளியே வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்கவில்லை. "கால்வாய் இந்தப் பக்கம் இருக்கும். சந்தை ரோட்டுக்கு அந்தண்டை. இப்ப இருக்கிற சந்தைக்கு எதிர்ப்பக்கம்மா. அதை இடிச்சிட்டாங்களே, உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. 1915இல் கட்டப்பட்ட பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை சிராங்கூன் சாலையின் மறுபுறத்தில் இருந்தது. கடைக்காரர்கள் 1982இல் புதிய கட்டடத்திற்கு மாறினார்கள்; பழையது இடிக்கப்பட்டது. புதிய கட்டடத்திற்கு முதலில் 'சுஜியாவ்' என்று சீனப் பெயர் வைத்து, மக்கள் வாயில் அது நிற்காததால் 2000இல் மீண்டும் 'தேக்கா' என்றே ஆக்கினார்கள். பழைய சந்தை இருந்த இடத்தில் பின்னர் ஒரு கடைத்தொகுதி வந்து, அதுவும் இடிக்கப்பட்டு, 2020இல் 'தேக்கா பிளேஸ்' திறக்கப்பட்டது. அப்பா இடத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் 1978இல் நடந்ததை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடியிருக்கிறேன்.

அடுத்த வாரம், பள்ளியின் இசைவோடு அப்பாவை வகுப்பிற்கு அழைத்துச் சென்றேன். பழைய சந்தையின் நிழற்படத்தைத் திரையில் காட்டியதும், நாற்காலியிலிருந்து எழுந்து திரையருகே சென்று, "இந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் நின்னேன்" என்று விரல் வைத்துக் காட்டினார். மாணவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். "தாத்தா, என்ன மீன்?" "தாத்தா, பாட்டி என்ன சொல்லித் திட்டுனாங்க?" ஒரு மணிநேரம் முழுதும் தமிழிலேயே பேசினார்கள். நான் ஒருமுறைகூட, 'தமிழில் பேசுங்கள்' என்று சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. அந்த எண்ணை அறிந்த ஆசிரியர்களுக்கு, அந்த ஒரு மணிநேரத்தின் அருமை புரியும்.

அது எந்தப் படம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆகவே வரைபடத்தில் ஒரு புதிய வண்ணத்தைச் சேர்த்தோம். படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்த இடங்களுக்குப் பச்சை. ஒருவரின் நினைவில் மட்டும் உள்ள இடங்களுக்கு மஞ்சள். தேக்கா பிளேஸ் அருகில் இப்போது ஒரு மஞ்சள் குறி இருக்கிறது. 'இங்கிருந்த பழைய சந்தையின் வாசலில் 1978இல் படப்பிடிப்பு நடந்ததாக ஒரு தாத்தா சொல்கிறார். எந்தப் படம் என்பது தெரியவில்லை. மீன் கெட்டுப்போனது மட்டும் உறுதி' என்று மாணவர்களே எழுதினார்கள்.

பூக்கடை அம்மாவின் கேள்வி

குறிகளைச் சரிபார்க்க மாணவர்களை லிட்டில் இந்தியாவிற்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றோம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் தொடங்கி, கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் தெங் நியாவின் வண்ண வண்ண வீட்டைப் பார்த்துவிட்டு, பஃபலோ சாலைக்கு வந்தோம். அந்த வண்ண வீட்டின்முன் பயணிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருகில், மாலை தொடுத்துக்கொண்டிருந்த பூக்கடை அம்மா ஒருவரிடம், "எங்கள் வரைபடத்தில் உங்கள் கடைப் பக்கம் ஒரு குறி போடலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவர் கை நிற்கவில்லை. "போடு கண்ணு. ஆனா வர்றவங்க எல்லாரும் போனைத்தான் நீட்டுறாங்க. இது என்ன பூ, இந்த மாலை யாருக்குன்னு ஒருத்தர் கேக்குறதில்ல" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. அதன்பின் எங்கள் மூன்று விதிகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தோம். ஒவ்வொரு குறியின் இறுதியிலும், பயணி அங்குள்ளவரிடம் கேட்கத்தக்க ஒரு கேள்வி இருக்கவேண்டும். பூக்கடைப் பக்கத்துக் குறியில், 'இந்த மாலை எதற்கு என்று கேளுங்கள். படம் எடுக்குமுன் அனுமதியும் கேளுங்கள்' என்று எழுதினார்கள்.

சில குறிகளை இடாமலும் விட்டோம். ஒரு தொலைக்காட்சி நாடகம் தன் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு மாணவன் பெருமையோடு சொன்னான். நீண்ட விவாதத்திற்குப்பின், அது மக்கள் குடியிருக்கும் இடம், அங்கே பயணிகளை அனுப்பக்கூடாது என்று வகுப்பே முடிவுசெய்தது. கொடைக்கானலின் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். 'பேய்களின் சமையலறை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைக்கப்பட்ட குகை, 1991இல் 'குணா' படம் வந்தபின் 'குணா குகை' என்றே ஆகிவிட்டது. 2006இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர்களுள் ஒருவர் அங்குள்ள ஆழமான பிளவில் விழ, நண்பர் ஒருவர் இறங்கி மீட்டார். அந்நிகழ்ச்சியே 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் படமாக வந்தது. மீண்டும் அங்கே கூட்டம் பெருகியது. தாய்லந்தின் மாயா கடற்கரையோ, 2000இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தால் புகழடைந்து, கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்து, 2018 முதல் 2022 தொடக்கம்வரை மூடப்பட்டிருந்தது. வரைபடத்தில் ஒரு குறி என்பது ஓர் அழைப்பு. விருந்தினரை அழைக்குமுன், வீடு தாங்குமா என்று பார்க்கவேண்டாமா?

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

இப்பணியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஆசிரியர்களே, கருவிகளைப் பற்றி அஞ்சவேண்டாம். அவற்றை நம்மைவிடப் பிள்ளைகள் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் கொடுக்கவேண்டியது, யாருக்காகச் செய்கிறோம் என்னும் தெளிவு. 'சுற்றுப்பயணிகளுக்காக' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் என் மாணவர்கள் ஆங்கிலத்திலேயே முடித்திருப்பார்கள். 'ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டிக்காக' என்றதால்தான் தமிழ் அங்கே தேவையாயிற்று.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதுபோன்ற மஞ்சள் குறிகள் எத்தனையோ இருக்கும். அவர்கள் பெயரையும் ஆண்டையும் மாற்றிச் சொல்லலாம். அதற்காக அவர்களை நம்பாமல் இருந்துவிடாதீர்கள். வேறு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மீன் எங்கே வாங்கினீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிடப் பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். விடை விரிவாக வரும். நான் கேட்கவேண்டிய கேள்வியைப் பதினொரு வயது மாணவன் ஒருவன் கேட்டான். அவன் கேட்டிராவிட்டால், என் தந்தையார் தவறாகச் சொல்கிறார் என்ற எண்ணத்துடனேயே நான் இருந்திருப்பேன். அந்த எண்ணத்தோடு அவரை நான் இழந்திருக்கவும் கூடும்.

வரைபடத்தின் இணைப்பைச் சித்திக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேசினார். "எல்லாம் படிச்சேன்மா. அடுத்த தடவை வரும்போது அந்த மஞ்சள் குறிக்குத்தான் முதல்ல போகணும்" என்றார். அங்கே பார்க்க ஒரு கடைத்தொகுதியும் சாலையுந்தான் இருக்கின்றன என்றேன். "இருக்கட்டும். உங்கப்பாவையும் கூட்டிட்டு வா. அவர் எங்கே நின்னாருன்னு காட்டட்டும்" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். வரும்போது மீன் வாங்கக்கூடாது என்கிறார்.

பழைய தேக்கா சந்தை வாசலில் 1978ஆம் ஆண்டுவாக்கில் படப்பிடிப்பைப் பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் எவரேனும் இருந்தால், அன்புகூர்ந்து எழுதுங்கள். ஒரு குறியின் வண்ணத்தைப் பச்சையாக மாற்ற என் மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.